பாக்கி

உற்றுநோக்கல் பதிவேட்டில் எனக்குப் பன்னிரண்டு கட்டங்கள்.
குரல் ஏற்ற இறக்கம். கரும்பலகைப் பயன்பாடு.
துணைக்கருவி. கால மேலாண்மை.
கடைசி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து
ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போடவேண்டும்,
உடன் படிக்கும் பெனிலாவுக்கு.
நாளை அவள் எனக்குப் போடுவாள்.

குலசேகரம் தாண்டி மேலே ஏறும் சாலையில்
ரப்பர் மரங்களுக்கு நடுவே மூன்று அறைப் பள்ளி.
ஒன்பது நாளாக மழை.
மூன்றாம் வகுப்பில் பத்தொன்பது பேர்.
எந்தப் பையிலிருந்தோ ஒட்டுப்பால் நாற்றம்.

பெனிலா இரவு விழித்து ஈர்க்கில் நறுக்கி
பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டிருந்தாள்.
ஐந்து கட்டு, உதிரி இரண்டு.
ஐம்பத்திரண்டில் பதினேழு போக.

ஆர்வமூட்டலுக்கு ஒரு கதை, மூன்று நிமிடம்.
ஒன்றுகள் வீட்டில் இரண்டே பேர்;
ஏழு பேரை அனுப்பச் சொல்லி ஆள் வந்தாயிற்று.
"பக்கத்து வீடு யாரு? பத்துகள்.
அங்க போயி ஒண்ணு கடன் வாங்கணும்."
ஐந்தை அடித்து நான்கு.
இரண்டின் தோளில் ஒரு குட்டி ஒன்று.
எனக்கும் இப்படித்தான் வந்தது கழித்தல்.
'எளிமை' கட்டத்தில் நாலரை போட்டேன்.

அப்போது அஜின் எழுந்தான்.
"டீச்சரே, அந்த ஒண்ண
எப்பம் திருப்பிக் குடுக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை.
பால்வெட்டு இல்லாத வாரங்களில்
முதலாளி வீட்டு முற்றத்தில், அட்வான்ஸ் கேட்கும் அப்பாவோடு
குடைக்குள் நின்ற பிள்ளைகள்.
பதில் வேண்டியிருந்தது அவர்களுக்கு.

பாடத்திட்டத்தில் 'எதிர்பார்க்கும் மாணவர் விடை' என்றொரு பத்தி.
அதில் முத்து முத்தாக எழுதியிருந்தாள்:
முப்பத்தைந்து.

விரிவுரையாளர் ஞானசெல்வம் பேனா மூடியைக் கழற்றினார்.
பெனிலா சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றாள்.
எண்ணினேன், பதினொரு நொடி.
மௌனத்துக்குக் கட்டம் இல்லை.

பிறகு ஒரு கட்டை எடுத்து உருவினாள்.
ரப்பர் பேண்டு தெறித்து எங்கோ போயிற்று,
முதல் பெஞ்சே கீழே குனிந்தது.
மேசையில் பத்து ஈர்க்கில், விரிந்து.
"நீ வந்து பாரு. எதாவது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?"

அவன் எண்ணினான்.
கட்டுகளையும் பிரித்து,
ஒன்றிலிருந்து, உதடு அசைய,
முப்பதில் பிசகி மறுபடியும் ஒன்றிலிருந்து.
அவள் தடுக்கவில்லை.
கடிகாரத்தைப் பார்த்தது நான்தான்.

"எல்லாம் நம்மளுக்க தான்," என்றான்.
கொஞ்சம் ஏமாற்றம் போலிருந்தது.
"அப்பம் இது கடன் இல்ல டீச்சரே.
சில்லற மாத்துனது."

மணி அடித்தபோது
தொகுப்புரை, மதிப்பீடு, வீட்டுப்பாடம் மூன்றும் பாக்கி.
கால மேலாண்மைக்கு ஞானசெல்வம் சார் ஒன்று போட்டார்.
வகுப்புக் கட்டுப்பாடு போதாது என்று சிவப்பில் எழுதினார்.
வாசலில் நனைந்த செருப்பைக் காலால் துழாவியபடி,
"இருவத்தாறு வருசமா கடன்னுதான் சொல்லிக் குடுக்கேன்,"
என்றார், செருப்பிடம்.

பஸ்ஸில் பெனிலாவுக்கு இலவசச் சீட்டு.
நான் இருபது நீட்டினேன், சீட்டு பதிமூன்று.
"சில்லற இல்ல, இறங்கும்போ வாங்கிக்க,"
பின்புறம் ஏழு என்று கிறுக்கித் தந்தார் கண்டக்டர்.

மடியில் பதிவேடு. ஒரு கட்டம் இன்னும் காலி:
'மாணவர் ஐயங்களைத் தீர்த்தல்.'
தீர்த்தது யார்?
பெனிலா ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள்.
விரலில் இன்னும் சாக்பீஸ் பொடி.

தக்கலையில் ஒரு கடையில்
அம்மாவின் இரண்டு வளையல் இருக்கிறது,
என் இரண்டாமாண்டுக் கட்டணத்துக்கு.
அதை எப்படிப் பிரித்து எண்ணினாலும்
சில்லறை மாற்றியதாக ஆகாது, அஜின்.

அந்தக் கடையைத் தாண்டும்போது
எப்போதும்போல் எதிர்ப்பக்கம் பார்த்து நடந்தேன்.
அப்புறம்தான் கையில் சீட்டு இருப்பது தெரிந்தது.
பஸ் நாகர்கோவில் சாலையில் போய்க்கொண்டிருந்தது,
என் ஏழோடு.